ஆண்டுதோறும் கொடுப்பவரை எவ்வாறு மதிப்பது? பிராண்டைஸ் பல்கலைக்கழகமும் மலையகக் கல்வி நிதிகளும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்துக்கெனத் தனியான பல்கலைக்கழகம் ஒன்று அமைய வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. எழுப்பப்படும் ஒவ்வொரு தடவையும், அரசாங்கம் எவ்வளவு ஒதுக்கும், எந்த வெளிநாடு உதவும், கொழும்பிலுள்ள எந்தப் பெருவர்த்தகர் கட்டடம் கட்டித் தருவார் என்ற கேள்விகளோடு பேச்சு முடிந்து விடுகின்றது. ஆண்டுக்கு ஒரு தடவை தம்மால் இயன்ற சிறு தொகையைத் தவறாமல் கொடுக்கக்கூடிய ஆசிரியர், தாதியர், தோட்ட உத்தியோகத்தர், கடைச் சிப்பந்தி, கொழுந்து பறிக்கும் தாய் ஆகியோருக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை. அவர்களிடம் கேட்பதற்கு நமக்குக் கூச்சம். கேட்டு வாங்கிய பின்னர் அவர்களை எவ்வாறு மதிப்பது என்பதற்கோ நம்மிடம் முறையே இல்லை. இந்த இரண்டாவது குறையைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். அமெரிக்க யூத சமூகத்தினர் கட்டியெழுப்பிய பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தன் ஆண்டு நன்கொடையாளர்களை நடத்திய விதத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

யூதர் என்றதும் மேற்காசியாவின் போரும் அழிவும் வாசகர் பலருக்கு நினைவில் வரும் என்பதை அறிவேன். நான் இங்கே எடுத்துக்கொள்வது அதுவன்று. ஒரு நாட்டில் சிறுபான்மையாக வாழ்ந்த சமூகம், உயர்கல்வியின் வாசல் தன் பிள்ளைகளுக்குக் குறுக்கப்பட்டபோது என்ன செய்தது என்பதும், அதற்குத் தோள்கொடுத்த சாதாரண மனிதரை எப்படி நினைவில் வைத்துக்கொண்டது என்பதும் மட்டுமே.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் பல, தாம் சேர்க்கும் யூத மாணவரின் எண்ணிக்கைக்கு வரம்பிட்டிருந்தன. 1922 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவர் லோவல் அத்தகைய வரம்பொன்றை வெளிப்படையாகவே முன்மொழிந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், இனமும் மதமும் பார்த்து எவரையும் திருப்பி அனுப்பாத ஒரு பல்கலைக்கழகத்தை யூத சமூகமே நாட்டுக்கு உருவாக்கிக் கொடுப்பது என்ற முயற்சி தொடங்கியது. 1946 இல் அதற்கான நிதியம் ஐன்ஸ்டைனின் பெயரில் அமைந்தது. கருத்து வேறுபாடுகளால் அவர் மறு ஆண்டே விலகிக்கொண்டார். பொஸ்டன் நகருக்கு அண்மையில் வோல்தம் என்ற ஊரில், மருத்துவத் துறையின் அங்கீகாரம் கிடைக்காமல் நொடித்துப்போன ஒரு கல்லூரியின் வளவு கைக்கு வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதலாவது யூத நீதியரசரான லூயி பிராண்டைஸின் பெயரைத் தாங்கி, 1948 இல், 107 மாணவரோடு பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது.

1948 என்ற ஆண்டை மலையகத்தவர் எவரும் வெறும் எண்ணாகக் கடந்து போக முடியாது. 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம் முன்னோர் நாடற்றவராக்கப்பட்ட ஆண்டு அது. அடுத்த ஆண்டில் அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. அப்போது நம் பிள்ளைகளுக்கு இருந்தவை தோட்டத்துரைமாரின் தயவில் நடந்த, பெரும்பாலும் ஓர் ஆசிரியரோடு கீழ் வகுப்புகளிலேயே நின்றுபோன பாடசாலைகள்; அவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்குவதற்கு 1970 கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரு சமூகங்களின் நிலையையும் ஒன்றாக்கிப் பேசுவது நேர்மையாகாது. அமெரிக்க யூதரிடையே அப்போதே சட்டத்தரணிகளும் மருத்துவர்களும் பெருவர்த்தகர்களும் இருந்தனர். நம்மிடம் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களமும் வரிசை வீடான லயன் காம்பராவும் இருந்தன. ஆயினும் பிராண்டைஸுக்கு அன்று இருந்த ஒரு பெருங்குறை, நாளை நம் பல்கலைக்கழகத்துக்கும் இருக்கப் போகின்ற குறைதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்து வருபவர்களில் முதன்மையானவர்கள் அவற்றின் பழைய மாணவர்கள். பிராண்டைஸிலோ 1952 வரை ஒரு பட்டதாரிகூட வெளியேறியிருக்கவில்லை. பழைய மாணவர் இல்லாத பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்காண்டு யார் கொடுப்பார்? முதலாவது தலைவரான ஏப்ரம் சாக்கர் இதற்குக் கண்ட விடை எளிமையானது. அந்த வளவில் ஒரு நாளும் படித்திராத, பலர் எந்தப் பல்கலைக்கழகத்தையுமே பார்த்திராத அந்தக் கொடையாளர்களை, பல்கலைக்கழகத்தின் வளர்ப்புப் பழைய மாணவர்களாக அவர் ஏற்றுக்கொண்டார். கையில் பட்டம் இல்லாத ஒரு கடைக்காரருக்கும் தையல்காரருக்கும், இது உங்கள் பல்கலைக்கழகம், நீங்கள் இங்கே விருந்தாளிகள் அல்லர் என்று சொல்லப்பட்டது. கொடுப்பவருக்கு ஒரு நிறுவனம் தரக்கூடிய மரியாதைகளுள் இதைவிடப் பெரியது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பொன்னாடை ஒரு மாலைப் பொழுதுக்குரியது. உறவு ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படுவது.

நம்மிடையே இதற்கு எத்தனை பேர் காத்திருக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பிள்ளைக் காம்பராவில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட பெண்கள், சாதாரண தரம் சித்தியடைந்தும் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள், உயர்தரத்தில் வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே நின்று பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டவர்கள் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கின்றனர். பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் தம் உறுப்பினராகச் சேர்ப்பது அங்கே படித்தவர்களை மட்டும். படிக்க முடியாமற் போனவர் கொடுத்தால் அவர் வெளியார். அவருக்கு ஒரு நன்றியுரை, ஒரு தேநீர். அவரே தொடர்ந்து கொடுத்து வருவாராயின், வாக்களிக்கும் உரிமையுள்ள உறுப்பினராக அவரை ஏற்க நம் சங்கங்களின் யாப்பு ஏன் இடந்தரக் கூடாது?

பிராண்டைஸின் கதையில் என்னை அதிகம் கவர்ந்தது அதன் பெண்கள் குழுவே. பல்கலைக்கழகம் தொடங்கிய அதே ஆண்டில், பொஸ்டன் பகுதியைச் சேர்ந்த எட்டுப் பெண்கள் ஒன்றுகூடி, நூலகத்தின் பொறுப்பைத் தாம் ஏற்பதாக முன்வந்தனர். அப்போது நூலகமாக இருந்தது, முன்னர் குதிரைகளைக் கட்டிய ஒரு கொட்டகையைத் திருத்தியமைத்த கட்டடம். அந்தப் பெண்கள் ஆண்டுச் சந்தா கட்டும் உறுப்பினர்களைச் சேர்த்தனர். வீடு வீடாகப் பழைய புத்தகங்களைத் திரட்டி விற்று, அந்தப் பணத்தில் புதிய புத்தகங்களை வாங்கிக் கொடுத்தனர். நாடெங்கும் கிளைகள் முளைத்தன. புத்தக நிதியொன்றும் இருந்தது. உறவினர் ஒருவரின் பிறந்த நாளையோ மணநாளையோ மறைவையோ முன்னிட்டு அதற்குச் சிறு தொகை அனுப்பினால், அவர் பெயரில் ஓர் அட்டை அவரது குடும்பத்துக்குச் சென்று சேரும். பெருஞ்செல்வர் ஒருவர் கட்டடம் எழுப்பிக் கொடுக்கலாம். அதனுள்ளே அடுக்குகளை ஆண்டுக்காண்டு நிரப்பியது இந்தச் சந்தாப் பணம்.

சந்தா கட்டிய பெண்களுக்குப் பல்கலைக்கழகம் என்ன திருப்பிக் கொடுத்தது என்பதுதான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விடயம். அது கல்வியையே கொடுத்தது. பேராசிரியர்கள் இலக்கியம், வரலாறு, கலை, அரசியல் போன்ற துறைகளில் வாசிப்புக் கையேடுகளைத் தயாரித்து அனுப்பினர். அவற்றை வைத்துக்கொண்டு உறுப்பினர்கள் தத்தம் ஊர்களில் சிறு குழுக்களாகக் கூடிப் படித்தனர். பேராசிரியர்களே கிளைகள் இருந்த ஊர்களுக்குப் பயணஞ்செய்து விரிவுரையாற்றும் ஏற்பாடும் இருந்தது. இளமையில் கல்லூரி வாய்ப்புக் கிடைக்காத எத்தனையோ பெண்களுக்கு அந்த மாலை வகுப்பே கல்லூரியாயிற்று. கொடுத்தவருக்குக் கேடயம் தந்தால் அது அலுமாரியில் கிடக்கும். இங்கே கொடுத்தவர் தாம் கொடுத்த நோக்கத்திலேயே பங்காளியானார்.

இதை மலையகத்தில் செய்வதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பதுளை ஊவா வெல்லச பல்கலைக்கழகத்திலும் இன்று நம் பிள்ளைகள் படிக்கின்றனர். அவர்களுட் பலர் பழைய மாணவர் சங்கங்களின் உதவியையோ ஏதேனுமொரு கல்வி நிதியையோ பெற்றவர்கள். அரசாங்கத்தின் மகாபொலப் புலமைப்பரிசிற் பணம் விடுதிச் செலவுக்கே போதாத காலத்தில் அந்த உதவிதான் அவர்களைத் தாங்கியது. விடுமுறைக்கு வரும்போது அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிதிக்கு ஆண்டுதோறும் கொடுத்து வருபவர்கள் வாழும் தோட்டத்துக்குப் போகலாம். சட்டம் படிப்பவர் காணி உறுதி பற்றியும், ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை மீளப் பெறும் முறை பற்றியும் விளக்கலாம். மருத்துவம் படிப்பவர் நீரிழிவு பற்றிப் பேசலாம். வரலாறு படிப்பவர், 1823 இலிருந்து மன்னார்க் கரையிலே இறங்கி மாத்தளைக் காட்டுவழியே நடந்து வந்தவர்களின் கதையைச் சொல்லலாம். கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு, தான் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்பதை எந்தக் கணக்கறிக்கையும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. கணக்கறிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு சிறிய தொகைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும், ஆண்டு முடிவில் வரவு செலவைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் சேர்ப்பதும் கொடுத்தவருக்குச் செய்ய வேண்டிய முதல் மரியாதை. அதைச் செய்யாமல் மாலை போடுவதில் பொருளில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை அனைவரும் கொடுப்பது என்ற வழக்கம் யூதருக்குப் புதியதன்று. எருசலேம் ஆலயத்தின் பொதுச் செலவுக்காக வயதுவந்த ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் அரைச் சேக்கல் வெள்ளி செலுத்தினர். விவிலியத்தின் யாத்திராகமத்தில் இதற்கு அடிப்படையான கட்டளை உள்ளது: செல்வன் அதற்கு மேல் கொடுக்கலாகாது, ஏழை அதற்குக் குறைத்துக் கொடுக்கலாகாது. மேலதிகமாகக் கொடுக்க விரும்பியவருக்கு வேறு வழிகள் இருந்தன. ஆனால் இந்த ஒரு காணிக்கையில் மட்டும் எல்லோரும் ஒரே அளவினர். ஆலயத்தின் அன்றாடப் பலி, பெருஞ்செல்வர் எவருடைய கொடையாகவும் இல்லாமல் மக்கள் அனைவருடையதாகவும் இருந்தது.

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தொழிற்சங்கச் சந்தா மாதந்தோறும் சம்பளப் பதிவேடான செக்ரோலில் எல்லோருக்கும் ஒரே அளவில் கழிகின்றது. மாரியம்மன் திருவிழாவுக்கும் பேருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டே பணம் சேர்க்கின்றோம். மரணாதார சங்கத்தில் கட்டிய பணம் எந்தக் குடும்பத்துக்குப் போகும் என்று தெரியாமலே கட்டுகின்றோம். ஆகவே நம் மக்களுக்குக் கொடுக்கும் பழக்கமில்லை, கைநீட்டும் பழக்கமே உண்டு என்று சிலர் மேடைகளிற் பேசுவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகின்றது. அது உண்மையன்று. தீபாவளி முற்பணத்தை மாதாமாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே கோயிலுக்கும் சங்கத்துக்கும் அயல் வீட்டுச் சாவுக்கும் கொடுத்து வந்த மக்கள் இவர்கள். கல்விக்கென்று அதே ஒழுங்கோடும் அதே நம்பிக்கையோடும் எவரும் அவர்களிடம் கேட்கவில்லை என்பதே உண்மை.

எனவே ஒவ்வொரு பாடசாலைக் கல்வி நிதியும், நாளை அமையப்போகும் பல்கலைக்கழகத்துக்கான நிதியும், ஆண்டுக்கு ஒரு நாட்சம்பளத்தைத் தன் அடிப்படைச் சந்தாவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் யோசனை. 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதைக் கொடுப்பவருக்கு அது இலேசான தொகையன்று. வைத்தியரின் ஒரு நாட்சம்பளம் பல மடங்காகலாம். தொகை வேறுபட்டாலும் இருவரும் கொடுப்பது தம் உழைப்பின் ஒரு நாளையே. பட்டியலில் தொகை இடம்பெறக் கூடாது. வைத்தியரின் பெயரும் கொழுந்து பறிப்பவரின் பெயரும் அகர வரிசையில், ஒரே எழுத்தளவில், அடுத்தடுத்து நிற்க வேண்டும். வேலை இல்லாதவரையும், ஓய்வூதியம் இன்றி வாழும் முதியவரையும் இந்த எதிர்பார்ப்பிலிருந்து விலக்கி வைப்பதும் அவசியம். எவரையும் கூச்சத்துக்குள்ளாக்கி வாங்கும் பணம் நமக்கு வேண்டாம்.

பெயருக்குப் பக்கத்தில் ஒன்றை மட்டும் குறிக்கலாம்: எத்தனை ஆண்டுகளாக அவர் தொடர்ந்து கொடுத்து வருகிறார் என்பது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், தொகையைப் பாராமல், இடைவிடாது கொடுத்த ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு நன்கொடையாளரைக் கௌரவிக்கும் வழக்கம் உண்டு. ஒரே தடவையில் ஓர் இலட்சம் கொடுத்துவிட்டு மறந்து போனவரைவிட, இருபது ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கொடுத்தவரை ஒரு நிறுவனம் கூடுதலாக நம்பலாம். அடுத்த ஆண்டு எத்தனை மாணவருக்கு உதவலாம் என்று இன்றே முடிவு செய்ய வேண்டுமாயின், வரும் என்று எதிர்பார்க்கத்தக்க பணம் வேண்டும். இதே பிராண்டைஸ், குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஆண்டுதோறும் கொடுப்பவர்களுக்கு நீதியரசர் பிராண்டைஸின் பெயரால் தனியான ஒரு கழகத்தையும் நடத்தி வருகின்றது. பெருந்தொகையை ஈர்க்க அது அவர்களுக்கு உதவலாம். அந்தப் பகுதியை நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தோட்டத்திலே துரை, கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று படிப்படியாக நின்று நாம் பட்டதே போதும். கொடையிலும் படிகளை ஏற்படுத்தினால் கீழ்ப்படியில் நிற்பவர் மறு ஆண்டு வரமாட்டார்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும் என்பதை எதிர்பார்க்கிறேன். தருமத்துக்கு விளம்பரம் எதற்கு, வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று நல்ல உள்ளம் படைத்த பலர் சொல்வர். யூத மரபும் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறது. எருசலேம் ஆலயத்தில் இரகசிய அறை ஒன்று இருந்ததாகவும், கொடுப்பவர் எவரும் அறியாமல் அதில் இட்டுச் செல்ல, நல்ல குடும்பத்து வறியவர் எவரும் அறியாமல் அதிலிருந்து பெற்றுச் சென்றதாகவும் அவர்களது பழைய சட்டத் தொகுப்பு கூறுகின்றது. அதே மரபில், 13 ஆம் நூற்றாண்டில் பார்சிலோனாவில் வாழ்ந்த யூத மதகுரு ரப்பி சாலமன் பென் அத்ரெட், பொதுக் காரியத்துக்குக் கொடுத்தவர் தம் பெயரைப் பொறிக்க விரும்பினால் அதைத் தடுக்கக் கூடாது என்றும், நற்செயலை எழுதி வைப்பது ஏனையோரையும் அதில் ஈடுபடுத்தும் என்றும் தீர்ப்பளித்தார். இரண்டும் அருகருகே வாழ்ந்தன. இன்றும் அவர்களது கொடையாளர் பட்டியல்களில் பெயர் குறிப்பிட விரும்பாதவர் என்ற வரியைக் காணலாம்.

நம் மரபிலும் இதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசன், தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், மற்றும் கொடுத்தார் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுமாறு பணித்தான். அந்த மற்றும் கொடுத்தார் என்ற வகையில் அரசனுக்கு உறவல்லாதவர்களும் இடம்பெற்றனர். சோழர் காலத்துக் கோயில்களில், நந்தா விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் விடப்பட்டதும், அவற்றை ஏற்று நாள்தோறும் நெய் அளந்த இடையரின் பெயரும் சேர்த்தே பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு தடவை கொடுத்தவனுக்கு நிகராக, ஆண்டு முழுதும் நெய் அளந்தவனும் கல்லில் நிற்கிறான். பெயர் வேண்டாம் என்பவரின் விருப்பத்தை மதிப்போம். பெயர் வேண்டும் என்று நினைக்கும் ஏழைக் கொடையாளியைத் தற்பெருமைக்காரர் என்று எண்ணாதிருப்போம். இருநூறு ஆண்டுகளாகச் செக்ரோலிலும் மரணப் பதிவேட்டிலும் தவிர வேறெங்கும் பெயர் எழுதப்படாத மக்களுக்கு, கொடுத்தவர் என்ற வரிசையில் தம் பெயரைக் காண்பதில் மகிழ்ச்சி இருக்குமானால், அதை மறுக்க நாம் யார்?

பெயர் மறைக்கப்பட வேண்டியது உண்மையில் வேறோர் இடத்தில். உதவி பெறும் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். நம் நிகழ்வுகளில் பிள்ளைகளை வரிசையாக மேடைக்கு அழைத்து, கொப்பியும் சப்பாத்தும் அடங்கிய பொதியைக் கொடையாளரின் கையால் கொடுக்க வைத்து, இருவரையும் நிறுத்திப் படம் பிடிக்கின்றனர். அன்றிரவே அந்தப் படம் முகநூலில் வந்துவிடுகின்றது. மறுநாள் வகுப்பறையில் அந்தப் பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதை ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் நான் அறிவேன். பதினைந்து வயதுப் பெண் பிள்ளையொருத்தி, பொதியை வாங்குவதைவிட வீட்டிலிருப்பதே மேல் என்று அன்று மட்டும் பாடசாலைக்கு வராமல் நின்றுவிட்டதும் உண்டு. 12 ஆம் நூற்றாண்டின் யூத அறிஞரான மைமோனிடிஸ், கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகஞ்சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது மேலிருந்து இரண்டாவது படி. எல்லாவற்றுக்கும் மேலே அவர் வைத்தது, கடனோ தொழிலோ கூட்டு முயற்சியோ தந்து ஒருவரை இனி எவரிடமும் கேட்கத் தேவையில்லாத நிலைக்கு உயர்த்துவதை. பல்கலைக்கழகக் கல்வி அந்த மேற்படியைச் சேர்ந்தது என்றே நான் கொள்கிறேன். ஆகவே கொடுப்பவரைக் கௌரவிக்கும் விழாவும் பிள்ளைக்கு உதவி சென்றடையும் நாளும் வெவ்வேறாக இருக்க வேண்டும். உதவி வங்கிக் கணக்குக்குச் சென்று சேரட்டும். நான் முன்னர் சொன்ன ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புக்கு வரும் மாணவரும் உதவி பெற்றவராக அறிமுகப்படுத்தப்பட வேண்டியதில்லை. பல்கலைக்கழக மாணவர் என்பதே போதும். உதவி பெறாத மாணவரும் அவர்களோடு சேர்ந்து வந்தால் எவர் பெற்றவர், எவர் பெறாதவர் என்ற கேள்வியே எழாது.

பெருங்கொடைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நியூயோர்க்கின் யெஷீவா பல்கலைக்கழகம் 1955 இல் தொடங்கிய ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு, 2024 இல், அங்கே முன்னர் பேராசிரியராகப் பணியாற்றிய ரூத் கோட்டெஸ்மன் 100 கோடி டொலரை வழங்கினார். அதன் பயனாக மாணவர்களின் கல்விக் கட்டணமே நீக்கப்பட்டது. கல்லூரியின் பெயரை மாற்றக் கூடாது என்பதையும் அவர் வலியுறுத்தினார். வணக்கத்துக்குரிய செயல். எனினும் ஒரு சில பெருங்கைகளை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தையும் அதே சமூகத்தின் பல்கலைக்கழகங்கள் அனுபவித்துள்ளன. 2008 டிசம்பரில் மேடொஃப் என்பவரின் மாபெரும் நிதி மோசடி வெளிப்பட்டபோது, அவர் யெஷீவா பல்கலைக்கழக அறங்காவலர் சபையின் பொருளாளராகவே இருந்தார். பிராண்டைஸின் முதன்மைக் கொடையாளர் குடும்பமொன்றும் அம்மோசடியில் பெருந்தொகையை இழந்தது. பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, 2009 ஜனவரியில் பிராண்டைஸின் அறங்காவலர்கள் தம் ரோஸ் கலைக்கூடத்தை மூடி, அதிலிருந்த ஓவியங்களை விற்பதென முடிவெடுத்தனர். கலைக்கூடத்தின் ஆதரவாளர்கள் சிலர் நீதிமன்றம் சென்றனர். 2011 இல் இணக்கம் எட்டப்பட்டு, கலைக்கூடம் மூடப்படாமல் காப்பாற்றப்பட்டது. கொடுத்தவருக்குத் தந்த வாக்கைக் காப்பதும் அவரை மதிப்பதன் பகுதிதான் என்பதை அந்த வழக்கு காட்டியது. நூலகத்துக்கென்று வாங்கிய பணம் நூலகத்துக்கே போக வேண்டும். அதை விளையாட்டுப் போட்டிச் செலவுக்கு மாற்ற வேண்டுமாயின் கொடுத்தவர்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். நம் சங்கங்களில் இது பெரும்பாலும் நடப்பதில்லை. ஆண்டுதோறும் கொடுப்பவர்களை வாக்குரிமையுள்ள உறுப்பினராக்க வேண்டும் என்று நான் மேலே வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொடுத்ததனால் எவருக்கும் ஆட்சேர்ப்பிலோ மாணவர் தெரிவிலோ செல்வாக்குக் கிடைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யூதரின் பணத்தில் எழுந்த பிராண்டைஸ் தன் வாசலை எல்லோருக்கும் திறந்தே வைத்தது. 1955 இல் அங்கே யூதர், கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் ஆகிய மூவருக்கும் மூன்று வழிபாட்டு மண்டபங்கள் எழுந்தன. ஒன்றின் நிழல் மற்றொன்றின்மீது விழாதவாறு அவை அமைக்கப்பட்டன. மலையகத்தில் எழும் பல்கலைக்கழகமும் நம் உழைப்பில் எழுந்து, சிங்களப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் சமமாகத் திறந்திருக்க வேண்டும்.

ஐயா, தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகி, மாவட்ட முதல் மாணவர்களின் படங்கள் தங்கள் பத்திரிகையில் வரும் அதே வாரத்தில், ஒரு முழுப் பக்கத்தை மலையகப் பாடசாலைகளின் கல்வி நிதிகளுக்கு ஆண்டுதோறும் கொடுத்து வருபவர்களுக்காக ஒதுக்கித் தாருங்கள். பாடசாலை வாரியாகப் பெயரும், தொடர்ந்து கொடுத்த ஆண்டுகளின் எண்ணிக்கையும் மட்டும் அதில் வரட்டும். தொகையோ பதவியோ படமோ வேண்டாம். விளம்பரக் கட்டணம் அறவிடுவது அவசியமாயின், அதைச் சங்கங்கள் தமது நிர்வாகச் செலவிலிருந்து செலுத்தலாம். நிதியிலிருந்து ஒரு சதமும் எடுக்கக் கூடாது. எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்த யோசனையை எழுத்தில் முன்வைக்க இருக்கிறேன். ஏனைய சங்கங்களின் செயலாளர்களும் தத்தம் கருத்தை இப்பகுதிக்கு எழுதுவார்களாயின், பட்டியலை எந்தத் திகதிக்குள், எந்த வடிவில் அனுப்புவது என்பதைத் தாங்களே அறிவிக்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொட்டகலை.